பெண்கள் ஓட்டத்தில் வேலு முதலிடம்

போன ஞாயிறு நான் ஓட்டப் பந்தயத்தில் ஓடினேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே போகலாம்.

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி. பரிசு கொடுக்கத்தான் பதுளையிலிருந்து என்னை அழைத்தார்கள். போய் இறங்கினால், பெண்களுக்கான ரோட்டு ஓட்டத்துக்கு ஆள் போதவில்லையாம்.

"நீங்களும் ஒரு ஆளா நில்லுங்க டீச்சர். ஓட வேணாம்... சும்மா எங்க பின்னாடி வாங்க" என்றார் ராக்கம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்.

இப்படி ஒரு மரியாதையை எப்படி மறுப்பது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் தொடக்கம். ரோட்டு வளைந்து வளைந்து இறங்கிக் கோயிலடியில் முடிவு. முதல் பரிசு, பதுளைத் துணிக்கடை முதலாளி ஒருவர் கொடுத்த நைலெக்ஸ் சேலை. இந்தத் துணித் தட்டுப்பாட்டில் கடைகளில் நல்ல சேலை கண்ணில் படுகிறதா, சொல்லுங்கள்! மயில்கழுத்து நிறம் வேறு...

எல்லாருக்கும் அதன்மேல் கண். ஆனால் நிஜப் போட்டி ராக்கம்மாவுக்கும் மாரியாயிக்கும்தான். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. யார் கொழுந்து அதிகம் என்று தினமும் போட்டி.

"எந் தங்கச்சி கல்யாணத்துக்கு அதத்தான் கட்டப் போறேன்" என்றார் ராக்கம்மா.

"தாராளமா கட்டு. எங்கிட்ட கேட்டு வாங்கிக் கட்டு" என்றார் மாரியாயி.

விசில் ஊதினார்கள். அவர்கள் பறந்தார்கள். நான்... கிளம்பினேன்.

முதல் வளைவில் மூச்சு வாங்க நின்றபோதுதான் பார்த்தேன். கீழே ராக்கம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் ஓடுகிறார்! அவருடைய கணவர் வேலு. கையில் குடை, வாய் நிறைய யோசனை.

"மூச்ச மூக்கால விடு! கைய வீசாத! மெதுவா... மெதுவாங்கிறேன்ல! ஐயோ, வேகமா போ!"

முன்னால் ஓடிய மாரியாயிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டார். வேலு அவரையும் விடவில்லை.

"நீ கால அகட்டி வைக்காத புள்ள. அதான் ஒனக்கு இழுத்துப் புடிக்குது."

ராக்கம்மா நின்றுவிட்டார். மாரியாயியும் நின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் நாங்களும் வந்து சேர்ந்தோம்.

"புடிங்கடி அந்தாள!" என்றார் ராக்கம்மா.

குடையைப் போட்டுவிட்டு எடுத்தாரே ஓட்டம், வேலு! நாங்கள் துரத்தினோம். நானும்தான்! என் மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கோயிலடியில் கங்காணி ரிப்பனைக் கட்டி வைத்திருந்தார். மேளம் முழங்க, பெண்கள் ஓட்டத்தின் ரிப்பனை அறுத்துக்கொண்டு முதலில் வந்தவர் — வேலு!

பின்னாலேயே நாங்கள் ஒரே கும்பலாக வந்து அவர் சட்டையைப் பிடித்தோம். அப்படியானால் பெண்களில் யார் முதல்?

"நான்தான்" என்றார் ராக்கம்மா. "நான்தான்" என்றார் மாரியாயி. சற்று முன் இருந்த ஒற்றுமை போன இடம் தெரியவில்லை. மறுபடி மலையேறி ஓட யாருக்கும் காலில்லை. கங்காணி தலையைச் சொறிந்தார்.

"ஏப்பா வேலு, ஒன்னைய மொதல்ல எட்டிப் புடிச்சது யாரு? அவதான் பர்ஸ்ட்டு."

ராக்கம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார் — கொழுந்தே கருகிப் போகும். வேலு கிழிந்த காலரைத் தடவினார். கோயிலைப் பார்த்தார். சாமிக்கு முன்னால் பொய் சொல்லலாமா?

"மாரியாயிதான்."

சேலையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பரிசான எனாமல் பேசின் பாத்திரத்தை ராக்கம்மா வாங்கினார் என்பதைவிட, பறித்தார் என்பதே சரி.

சாயங்காலம் பஸ்ஸுக்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டவில்லை. வேலு வாசலில் குந்தியிருந்தார். மாரியாயி ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்து வைத்தார்.

"உண்மை பேசுன மனுசன் பட்டினி கெடக்கக் கூடாதுல்ல!"

"எம் புருசனுக்கு ஆக்கிப் போட எனக்குத் தெரியும்" என்று சீறிய ராக்கம்மா, எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே...

"தேத்தண்ணி ஊத்துறேன், ஒக்காரு. அந்தச் சேலையக் கொண்டாடி... தொட்டுப் பாக்கணும்."

இருவரும் அதை விரித்து, முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். வேலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருவரும் சேர்ந்து திரும்பினார்கள். அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஓடுகிற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுங்கள் ஐயா... யோசனை வேண்டாம்!