ஏழு பாகங்களும் ஓர் அக்காவும்

என் நாவலை ஏழு பாகமாக எழுதும்போது வராத களைப்பு, அதை ஒரே படமாகச் சுருக்கும்போது வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் தயாரிப்பாளரின் ஆபீஸ். கீழே ரசம் கொதிக்கும்; மேலே என் ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகக் கவிழும்.

டைரக்டருக்கு என் மகன் வயது. ஏதாவது வேண்டுமென்றால் 'ஆன்டி' என்பார். எதையாவது வெட்டப்போகிறார் என்றால் 'மேடம்'. ஆறு நாடுகள் ஒரே நாடாயின. அந்த ஒரு நாடும் படப்பிடிப்புக்குக் கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மூலை. மலையைத் தூக்கிப் பறக்கும் பறவை, "சவுண்டுல காட்டிக்கலாம் லா மேடம்" என்று வெறும் சத்தமாகிப்போனது. முதலில் சண்டை போட்டேன். பிறகு தலையாட்டினேன். பிறகு தலையாட்டவும் அலுத்துப்போய், ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு நாள், "மேடம், அந்த அக்கா கேரக்டர் வேணாம் மேடம்" என்றார்.

என் நாவலில் இரண்டு சகோதரிகள். தங்கை நாடு நாடாகச் சுற்றிச் சாகசம் செய்வாள். அக்கா ஊரின் வடக்கு வாசலில் நின்று, அரக்கர்கள் நுழையாமல் காப்பாள். ஏழு பாகத்திலும் அவள் அந்த வாசலை விட்டு நகரமாட்டாள். வாசகர்கள் அவளுக்காகத்தான் அழுதார்கள். அவள் என் சொந்த அக்காதான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கிள்ளானில், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் வீட்டோடு இருப்பவள். "படத்துல உன் வேஷம் யாருக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சிரிப்பாள். அதைப் பெருமை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

"சும்மா நிக்கிற ஆளை எவ்வளவு நேரம் ஷூட் பண்றது? ஆடியன்ஸ் தூங்கிடுவாங்க மேடம்."

"வாசல் செட்டு போடவே பட்ஜெட் பத்தாதும்மா" என்று தயாரிப்பாளரும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. "எங்க அக்காகிட்ட கேட்டுட்டு வரேன். அவ ஒத்துக்கலைன்னா படமே வேணாம்" என்று எழுந்துவிட்டேன். படி இறங்கும்போதே பயமாக இருந்தது. இந்தப் படத்துக்காக நான் பாதி ஆயுளாகக் காத்திருந்தேன்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். எதுவும் ஒப்பவில்லை. ஷா ஆலம் வந்தபோது பேசாமல் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

அக்கா அடுக்களையில் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

"அக்கா, படத்துலேருந்து உன்னைத் தூக்கிட்டாங்க. நீ சரின்னாத்தான். இல்லேன்னா படமே வேணாம்னு சொல்லிடறேன்."

"தூக்கிட்டாங்களா?" என்றாள். "அப்பாடா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கோபமாக்கா?" என்றேன்.

"படத்து மேல எனக்கென்னடி கோபம்? அவங்களாவது என்னை விட்டாங்களே." கஞ்சியை ஆற்றுவதை அவள் நிறுத்தவில்லை. "கோபம் உன் மேலதான். ஏழு புக்கு எழுதின. மழையில நிக்க வச்ச, பனியில நிக்க வச்ச, கால்ல ரத்தம் வர நிக்க வச்ச. படிச்சவங்க எல்லாம் ஐயோ பாவம்னு அழுதாங்க. நீயும் அழுதுக்கிட்டேதான் எழுதியிருப்ப. ஒரு பாகத்துல, ஒரே ஒரு பாகத்துலயாவது, ஊர் சுத்தப் போன தங்கச்சி திரும்பி வந்து, 'நீ போய் உட்காருக்கா, நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்'னு சொன்னாளா?"

உள்ளேயிருந்து அம்மா முனகினாள். நான் கிண்ணத்துக்குக் கை நீட்டுவதற்குள், அக்கா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.