நனையாத உறுதி

மண்ணெண்ணெய் மணம் எனக்கு இப்போது ஒரு பிள்ளையின் மணம். பக்கத்து வீட்டில் யாராவது அடுப்பு மூட்டினாலும் என் வலக்கை தானாகப் பாரமாகிறது. ஆறு வயதுப் பாரம், ஈரச் சட்டையோடு.

அம்மா அப்பாவோடு தங்கச்சி இந்தியாவுக்குப் படகேறியபோது அவளுக்கு ஒன்பது வயது. நான் படிப்பைச் சாட்டி நின்றுவிட்டேன். அவள் முகாமில் வளர்ந்தாள், முகாமில் கலியாணம் கட்டினாள், முகாமிலேயே பெற்றாள். அம்மாவும் அப்பாவும் அந்தத் தகரக் கூரைகளுக்குக் கீழே முடிந்துபோனார்கள். முறைப்படி திரும்பி வர எழுதி எழுதி அலுத்து, ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணை, பிள்ளையோட படகில வாறன். அவர் பிறகு வருவார்."

நான் என்ன சொன்னேன்? பயணம் கவனம் என்று சொல்லவில்லை. பிள்ளை சுகமா என்று கேட்கவில்லை.

"வீட்டு உறுதியைப் பொலித்தீனில சுத்தி நெஞ்சுக்குள்ள வைச்சுக் கொண்டு வா. மற்றக் கடுதாசி ஒண்டும் வேண்டாம். நேவி பிடிச்சால் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கேள்வி. கடலில போட்டிடு."

தீவில், இறுப்பிட்டியில், எங்கள் வீட்டு வளவு என்பது கூரையில்லாத நாலு சுவர். பக்கத்து வேலி வருஷா வருஷம் ஒரு முழம் உள்ளே நடந்து வருகிறது. உறுதி, அந்தக் காணிப் பத்திரம், இந்தியாவில், அப்பாவின் தகரப் பெட்டியில். ஆட்கள் எங்கே சிதறினாலும் உறுதி சிதறக் கூடாது என்று வளர்ந்த சனம் நாங்கள்.

விடியக் கரையேறினார்கள். படகில் எண்ணெய்க் கான் ஒழுகிப் பிள்ளையின் சட்டையெல்லாம் மண்ணெண்ணெய். அண்ணன் சொல் கேட்பவள், தங்கச்சி. உறுதி நெஞ்சில் இருந்தது. வருத்தமும் மருந்தும் எழுதின பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கொப்பி கடலில் இருந்தது. கையில் வைத்திருந்த வலிப்புக் குளிசைகள் உப்புத்தண்ணீரில் கூழாகிவிட்டன.

மத்தியானத்துக்கு முன்னம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஊசி போட்டு நிறுத்தினார்கள். பிறகு தாதி மிஸ்ஸி படிவத்தை எடுத்தா.

"பிள்ளை எந்த நாடு?"

"இறுப்பிட்டி."

"அது ஊர் அண்ணை. நான் நாட்டைக் கேட்டனான்."

பிறந்தது அங்கே, அங்கே அகதி. வந்தது இங்கே, இங்கே பதிவில்லை. மிஸ்ஸி பேனையைக் கடித்துவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டா. அந்தப் படிவத்தில் மிகச் சரியாக நிரப்பப்பட்ட கட்டம் அதுதான்.

டொக்டர் இளம் பெண். தங்கச்சியைப் பொறுமையாகக் கேட்டா. "என்ன குளிசை குடுத்தனீங்கள்?"

"ரோஸ் நிறம். நடுவில ஒரு கோடு. காலமை அரை, இரவில ஒண்டு."

"நிறத்தை வைச்சுச் சொல்ல ஏலாது அக்கா. கொப்பி எங்க?"

"கடலில போட்டிட்டன்."

"ஏன்?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "பயத்தில, டொக்டர்" என்றாள்.

நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

முகாமிலிருந்த தகப்பனுக்குப் போன் எடுத்தோம். அவருக்கும் மருந்தின் பெயர் தெரியாது. பிள்ளைக்கு மருந்து குடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டாராம். கொப்பி நம்பர் சொன்னால் தேடலாம் என்றார்களாம். நம்பர் கொப்பியில்.

பிள்ளை கண் திறந்தது. "சிஸ்டர், இங்க ஊசி போட்டா மிட்டாய் தருவீங்களா?"

"பாருங்கோ, இந்தியாக்காரி முழிச்சிட்டா" என்று மிஸ்ஸி சிரித்தா. "இங்க மிஸ்ஸி எண்டு கூப்பிட்டால்தான் பிஸ்கற்."

"மிஸ்ஸி" என்றது, உடனே.

டொக்டர் என்னைத் தள்ளிக் கூப்பிட்டா. "இப்ப நிண்டிருக்கு. திரும்பவும் வரும். பழைய மருந்து தெரியாமல் நான் புதுசைத் துவங்க ஏலாது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாறன். அங்க முதல்ல இருந்து பார்க்கட்டும்."

முதலிலிருந்து. அந்தப் பிள்ளைக்கு எல்லாமே முதலிலிருந்துதான்.

அம்புலன்ஸ் வந்தபோது பொலிசும் வந்து நின்றது. யாரோ கரையில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். களவாய்க் கடல் கடந்தவள் என்று வழக்கு. "பிள்ளைட அம்மா எங்களோட வரணும்," என்றா பெண் பொலிஸ், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளையோட நீங்க போங்க."

காலமைதான் முதன்முதல் கண்ட மாமனின் தோளில் பிள்ளை நித்திரையாய்க் கிடந்தது. அடுத்த வலிப்பு கடல் நடுவே போற கோஸ்வே றோட்டில் வருமோ, ஆஸ்பத்திரி வாட்டில் வருமோ, எனக்குத் தெரியாது. வந்தால் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பும், என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரிந்தவள் மற்ற வாகனத்துக்குப் போகிறாள்.

தங்கச்சி பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு சட்டைக்குள் கைவிட்டு அந்தப் பொலித்தீன் பொட்டலத்தை எடுத்து என் இடக்கையில் வைத்தாள். கோபமில்லாத குரல். இன்றைக்கும் அதன் முன்னால்தான் என்னால் நிற்க ஏலாமல் இருக்கிறது.

"இந்தாங்கோ அண்ணை, நீங்கள் கேட்டது. நனையேல்லை."