தராசுக்காரனுக்கு நெல்லுச்சோறு

அவனுக்கு நெல்லுச்சோறு போட்டார்கள், எனக்குக் களி. யுத்த காலத்தில் மலைமேல் பெரக்கரை நாட்டில் நாங்கள் இருவரும் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தபோது எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் முழுக்க இதிலிருந்து கிளம்பியதுதான்.

நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன், கம்பவுண்டர். அதற்கு முன்பே பல வருடம் காரவள்ளியிலிருந்து நடந்து மலையேறி, காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மாத்திரை கொடுத்து வந்தவன். அவன் பட்டணத்துக்காரன், படித்தவன், போதாததற்குச் சிவப்பாக வேறு இருந்தான். மலைக்காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஈறில் ரத்தம் கசிவது காய்ச்சலாலா, சாப்பாட்டுக் குறையாலா என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. நான் பிள்ளைகளின் பல்லையும் ஈறையும் பார்த்து, இடது விலாவுக்குக் கீழே அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அட்டையில் எழுத வேண்டும். அவன் வீடுவீடாகத் தராசோடு உட்கார்ந்து, உலையில் போடுவதையெல்லாம் நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். என் விரலைக் கடித்த பிள்ளைகள் உண்டு. அவனை யார் கடிக்கப் போகிறார்கள்?

வேலை முடிந்ததும் எங்களில் ஒருவனைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவன் நோட்டைப் புரட்டும்போதெல்லாம் அவர் முகம் மலரும். முத்து முத்தான கையெழுத்து. என் அட்டைகளில் எச்சில் கறை. இவ்வளவு அரிசியும் பருப்பும் சாப்பிடுகிறார்களே, அப்படியானால் சாப்பாட்டில் குறையில்லை என்றே எழுதிவிடலாம் என்றார் ஒருநாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், நான் வழக்கமாகச் சாப்பிடும் வீட்டில் களித்தட்டைத் தள்ளி வைத்தேன். அவனுக்கு மட்டும் ஏன் சோறு என்று அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டே விட்டேன்.

“அவரு ஒரம்பரையாட்டம் வந்தவரு, விருந்தாளி. அவரு தராசோட குக்கீட்டிருக்கறப்ப களியக் கிண்டினா நல்லாவா இருக்கும்? நோம்பிக்கு வெச்ச நெல்லத்தான் குத்திப் போடறோம். நீ நம்மூட்டுப் புள்ள. உனக்கெதுக்கு சாமி அதெல்லாம்?”

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அவன் வராத நாளில் களி, சாமைச்சோறு, கீரை. அன்றே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். உண்மைக்காகச் சொன்னதாகப் பிற்பாடு பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். பொய். அவன் நோட்டு குப்பைக்குப் போக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

போயிற்று. டாக்டர் என்னை நிரந்தரமாக்கி, அட்டைகளைப் பார்த்து எழுதக் கீழே ஆபீசுக்கு அனுப்பினார். அவனை மட்டும் அந்த வீட்டிலேயே தங்க வைத்தார், அவனுக்கென்று தனியாகச் சமைப்பதை அவர்கள் நிறுத்தும்வரை; அதன்பிறகுதான் அவன் புதிதாக நிறுத்து எழுத வேண்டும். சிரித்துக்கொண்டே மலையிறங்கினேன்.

மூன்று மாதம் கழித்துக் கொயினாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். அவன் கறுத்துப்போய் அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகு மாவை நிறுத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனை “தள்ளிக் குக்கு சாமி” என்று நகர்ந்து உட்காரச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் விரித்தாள்.

“வாங்க, உக்காருங்க. எத்தன நாளாச்சு நீங்க வந்து?”

இலை போட்டு எனக்கு நெல்லுச்சோறு வைத்தாள். அவனுக்குத் தட்டில் களி. என் சோற்றை நிறுக்கவில்லையே என்று அவனிடம் கேட்டேன்.

“ஒரம்பரைக்குப் போடறத எழுத வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க” என்றான்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே அந்தச் சோற்றைத் தின்று முடித்தேன்.