ஐஸ் வஞ்சிரத்துக்கு மட்டும்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் என் அத்தை காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரத்தோடு காணாங்கெளுத்தியும் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கானாங்கத்தை.
2. பதினோரு மணிக்குமேல் திருவொற்றியூரில் தன் வீட்டில் அதைக் குழம்பு வைத்தாள்.
3. பன்னிரண்டரைக்கு, நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையின் கேன்டீனில் ஒன்பது பேர் அதைச் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் மறுபடியும் சோறு வாங்கிக்கொண்டார்கள்.
4. ஒரு மணிக்குள் நான்கு பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்தன. தலைவலி, படபடப்பு, அரிப்பு.
5. ஒன்றே காலுக்கு யாரோ “ஃபார்மலின்” என்றார்கள்; பிணம் கெடாமலிருக்கப் போடும் மருந்து, மீனிலும் கலப்பதாகப் பேச்சு உண்டு.
6. நான் சாப்பிடவில்லை. எனக்கு மீட்டிங் இருந்தது. இதையும் சேர்த்துப் பேசினார்கள்.

தொழிற்சாலை நர்ஸ் அலர்ஜி மாத்திரை கொடுத்தார். மாலைக்குள் நால்வரும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டார்கள். பேக்கிங் பிரிவு அண்ணன் மட்டும் என் மேஜைக்கே வந்து நின்றார்.

“கடலக் காப்பாத்தணும்னு சொன்னியேம்மா. எங்கள யாரு காப்பாத்தறது?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போன வாரம் அதே கேன்டீனில் நான் பத்து நிமிடம் பேசியிருந்தேன். வஞ்சிரத்தை எல்லோரும் கேட்பதால் அது குட்டியாக இருக்கும்போதே வலையில் வந்துவிடுகிறது, முட்டையிட அவகாசமே கிடைப்பதில்லை. கானாங்கத்தை சீக்கிரம் வளரும், நிறையப் பெருகும், சத்திலும் குறைச்சல் இல்லை. அதைச் சாப்பிடுவோம் என்றேன். கையோடு, என் அத்தை அருமையாகச் சமைப்பாள் என்றும் சொல்லிவைத்தேன். மேலாளர் ஒரு வியாழக்கிழமை பார்ப்போம், பிடித்தால் வாராவாரம் வைத்துக்கொள்வோம் என்றார்.

அத்தைக்கு அந்த வாராந்திர ஆர்டர் தேவைப்பட்டது. முப்பது வருடமாக அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறாள். இப்போது முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. ஒரே இடத்தில் நின்று சமைத்து விற்கிற வேலை ஒன்று அமைந்தால் போதும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது ஆர்டரும் நின்றுவிட்டது, ஃபார்மலின் என்ற பேச்சும் வந்துவிட்டது. அது அவள் விற்கும் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்தால் கூடையும் போய்விடும்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எவண்டி சொன்னது மருந்து போட்டேன்னு? மீந்த கொழம்புல நாலு துண்டு இப்பதான் துன்னேன். எனக்கு இன்னா ஆச்சி? நல்லாதானே கீறேன்!”

அவள் காது இரண்டும் சிவந்திருந்தன.

“அத்த, மொகம் செவக்குது.”

“அது கோவம்டி.”

உள்ளே படகு எஞ்சினின் ஏதோ ஒரு பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார். “கல்யாணத்தன்னிக்கிகூட இப்டி செவக்கல நீ.”

“நீ சும்மா கெட. மொளகா ஜாஸ்தியா பூட்சி போல, நாக்கு சுருசுருங்குது.”

அந்தச் சுருசுருப்பைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவரும் அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்.

மீன் செத்த கணத்தில் எல்லாம் நின்றுவிடுவதில்லை. மூச்சு நின்றபின்னும் அதன் செல்கள் கையிருப்புச் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே எரித்துக் கொஞ்ச நேரம் ஆற்றல் தயாரிக்கின்றன. அந்த ஆற்றல் தீர்ந்ததும் தசைகளால் தளர முடிவதில்லை; மீன் விறைத்துப்போகிறது. அதன்பிறகு செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்களின் முறை. அவையும் செல்கள்தான், அவற்றுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும். கானாங்கத்தையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பாக்டீரியாக்கள் அதை உடைத்து ஹிஸ்டமினாக மாற்றி வெளியே தள்ளுகின்றன. நம் உடம்பு அலர்ஜி வரும்போது தானே சுரக்கும் பொருளும் அதே ஹிஸ்டமின்தான். அது உள்ளிருந்து வந்ததா குழம்பிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை, சிவந்துவிடுகிறது, நாக்கும் சுருசுருக்கிறது. கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். மீனில் நாற்றமும் இருக்காது. குளிரில் வைத்திருந்தால் மட்டுமே பாக்டீரியாவின் வேலை மெதுவாகும். எனவே கேள்வி ஒன்றுதான்: மீன் எங்கே சூடாக இருந்தது?

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆய்வகத்தில் பயன்படுத்துவது போன்ற ஊசி வெப்பமானி என்னிடம் சொந்தமாக ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு அத்தையோடு காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் எடுத்த கானாங்கத்தை ஒன்றில் ஊசியைச் சொருகியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“இன்னாடி, மீனுக்கு ஜொரமா?” என்றாள் ஒருத்தி.

“டாக்டரம்மா, அப்டியே என் எறாவுக்கும் ஒரு ஊசி போட்டுடு.”

மீன் ஜில்லென்றுதான் இருந்தது. படகில் நன்றாக ஐஸ் போட்டிருந்தார்கள். பிறகு அத்தை கூடை அடுக்குவதைப் பார்த்தேன். வஞ்சிரத்துக்குக் கீழே ஐஸ், மேலே ஐஸ். கானாங்கத்தைக்கு நனைத்த சாக்கு.

“இதுக்கு ஐஸ் இல்லியா அத்த?”

“வஞ்சிரம் வாங்கறவன் ஆயிரம் கேள்வி கேப்பான். கானாங்கத்த வாங்கறவன் கொழம்பு வெச்சித் துன்னுட்டுப் போவான். எப்டியும் கொதிக்கப்போற மீனுக்கு எதுக்குடி ஐஸ்?”

அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதலில் தெருக்களில் வஞ்சிரத்தை விற்று முடித்திருக்கிறாள். எங்கள் கேன்டீனுக்கான கானாங்கத்தை அதுவரை ஷேர் ஆட்டோவிலும் வெயிலிலும் ஐந்து மணி நேரம் சாக்குக்கு அடியில் இருந்திருக்கிறது. கூடைக்குள் எல்லா மீனும் ஒரே சூட்டில் இருக்காது. ஒன்பது பேரில் நான்கு பேர் மட்டும் சிவந்தது அதனால்தான். தொழிற்சாலையில் க்ரீம் டப்பா எவ்வளவு குளிரில் வந்தது என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அத்தையின் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலை குறைந்த மீனைச் சாப்பிடச் சொன்னவளுக்கு, அதற்கு ஐஸ் கிடைக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினாள். தன் காது சிவந்ததை அவளே கண்ணாடியில் பார்த்திருந்தாள். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத வெளிய சொல்லாதடி. ஃபார்மலின்னு சொன்னா பொய்யின்னு சண்ட போடலாம். ஐஸ் வெக்கலன்னா இன்னான்னு சண்ட போடறது? மெய்தானே!”

மேலாளருக்கு எழுதி வைத்திருந்த விளக்கத்தை அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பொய்ப் பேச்சு மட்டும் கேன்டீனில் வளர்ந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அத்தையே தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றாள். மாமாவிடம் பேசினாளாம். “நீ சொல்லாங்காட்டி மருந்துன்னுதான் சொல்லிகினு இருப்பாங்க. எது உனக்குப் பேஜாரு, பாத்துக்க” என்றாராம் அவர். மேலாளர் அவளைக் கேன்டீனுக்குள் வரச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஐஸ் வெக்காதது என் தப்பு. அதனால இப்டி ஆவும்னு எனக்குத் தெரியாது, இப்ப தெரியும். எனக்கும்தான் மூஞ்சி செவந்துச்சி, கேட்டுக்கோ இவள. ஆனா மருந்து போட்டேன்னு இன்னொரு தபா எவனாவது சொன்னான், இந்தக் கூடையாலயே ஒண்ணு வெப்பேன்.”

பேக்கிங் அண்ணன்தான் வாய் திறந்தார். “வெறுங் கூடைய எடுத்துனு வந்தியேம்மா. மீன் எங்க?”

என் விளக்கத்தை அன்றே அனுப்பினேன். என் பங்கையும் அதில் எழுதினேன். மேலாளர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: மீன் ஏலத்திலிருந்து நேராகச் சமையலுக்குப் போக வேண்டும், அடுப்பில் ஏறும்வரை ஐஸில் இருக்க வேண்டும்.

இப்போதைய நிலை இது. வியாழக்கிழமை ஆர்டர் ஏழு வாரமாக நடக்கிறது. அன்று அத்தை தெருவுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் போகிறாள், முழங்கால் இன்னும் வலிக்கிறது. சிவந்த நான்கு பேரில் மூன்று பேர் மறுபடி சாப்பிடுகிறார்கள். நான்காமவர் தயிர்சாதம் கொண்டுவருகிறார்.