ஏழு சுரம், நாலு விரல்

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிளம்பினேன். முதுகில் கிட்டார், பைக்கில் பெட்ரோல், எல்லாம் சரி. தெருமுனை வரை போய்விட்டு வண்டியைத் திருப்பினேன்.

கேஸை மூடினேனா?

ஓடிவந்து பார்த்தால், அடுப்படியில் என் மனைவி தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாங்க, மறுபடியும் கேஸா? நான் வூட்லதான கீறேன்! மூடிட்டா தோசய வெயில்லயா சுடறது?"

நியாயமான கேள்விதான். என்ன செய்ய... ரயிலில் ஏறினால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போவதற்குள் டிக்கெட்டை நாலு முறை தொட்டுப் பார்க்கிற ஜென்மம் நான். வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

அன்று கவலைப்படக் காரணமும் இருந்தது. கடலோரத்தில் ஒரு ரிசார்ட். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜாஸ் வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் குழுவுக்கு. இல்லையென்றால் அன்றோடு சரி. இருபது வருஷமாகக் கல்யாண மேடையிலும் திருவிழாவிலும் வாசிக்கிறேன். சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்காமல் கிட்டாரைக் கேட்கிற கூட்டம் கிடைக்குமென்றால்... விடுவேனா?

ஆனால் ஜாஸ் கார்டு வேறு ரகம். சாதாரண கார்டில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும். ஜாஸில் அதன்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுரத்தை அடுக்கி மாடி கட்டிக்கொண்டே போவார்கள் — ஏழாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது, பதிமூன்றாவது என்று. பள்ளிக்கூடத்தில் ஒன்பதோடு நின்றவன் நான். பதிமூன்றாவது வரை கட்டிய கார்டை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அதில் மொத்தம் ஏழு சுரம். கிட்டாரிலோ ஆறு கம்பி. கம்பியை அழுத்த எனக்கு இருப்பதோ நாலு விரல். இந்தக் கணக்குக்கு ஒன்பதாம் வகுப்பே அதிகம்!

இருந்தாலும் ஒன்றையும் விடக்கூடாதென்று விரல்களை முறுக்கி, மணிக்கட்டு வீங்க ஒரு வாரம் போராடினேன். சத்தம் கஞ்சி மாதிரி வந்தது.

அடி சுரங்களை மட்டும் வாசிக்கிற எங்கள் பேஸ் கிட்டார்காரன் ஏழுமலை. பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் முதல் சவாரிக்கு முன்னால் அவன் வீட்டு மாடியில் பழகுவோம். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டான்.

"அண்ணாத்த, அந்தத் தடிக் கம்பிய இன்னாத்துக்கு நோண்டிகினே கீற? அடி சுரம் என்னுது. நீயும் அடிச்சி நானும் அடிச்சா, ஒரே சீட்ல ரெண்டு டிரைவர் குந்தின மாரி கீது."

பழக்கதோஷம். செய்யூர்ப் பக்கம் திருவிழாவுக்கெல்லாம் பேஸ் கிட்டார் வராது. பாடுகிறவர் சுருதி தவறினால் என்னைத்தான் பார்ப்பார். நான் தடிக் கம்பியில் அடி சுரத்தை ஓங்கித் தட்டுவேன். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார். இருபது வருஷம் ஊரையே தாங்கிய கட்டை விரல், சொன்னவுடனே ஓய்வெடுக்குமா?

"விட்டுடறேன். நடுவுல நீ மறந்துட்டீன்னா?"

"அப்போ நான் இன்னாத்துக்கு கீறேன்? கடல வேடிக்க பாக்கவா?"

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது.

அடி சுரம் ஏழுமலையுடையது. ஐந்தாவது சுரம் இல்லாவிட்டாலும் யாரும் தேடப் போவதில்லை. பதினொன்றாவது, இருந்தால் இடிக்கும். மிஞ்சியது நாலு சுரம்... நாலு விரல்! ஆனால் கட்டை விரல் கேட்கவில்லை. கடைசியில் தடிக் கம்பியையே கழற்றிவிட்டு, ஐந்து கம்பியோடு பத்து நாள் பழகினேன். கார்டு கண்ணாடி மாதிரி தெளிந்தது. நானா வாசிக்கிறேன் என்று எனக்கே சந்தேகம்.

ஞாயிறு காலை மட்டும் அந்தக் கம்பியை மறுபடி மாட்டினேன். எதற்கும் இருக்கட்டுமே...

ரிசார்ட்டில் முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவதில் பரிமாறுகிறவர் ஒருவரின் கால் ஒயரில் இடற, ஏழுமலையின் ஸ்பீக்கர் செத்துப்போனது. அடி சுரம் காலி! நான் பயந்ததெல்லாம் அப்படியே கண்முன்னால்.

கட்டை விரல் தடிக் கம்பிக்குப் பாய்ந்தது. ஏழுமலை தலையை ஆட்டினான் — வேண்டாம். என் பக்கத்து மைக்கை இழுத்து வைத்து வாயாலேயே ஆரம்பித்தான். "தும்... தும்... துதும்..."

விரலை இழுத்துக்கொண்டேன். நாலு சுரத்தை மட்டும் மீட்டினேன். அவன் குரல் மேல் அவை மிதந்தன. சாப்பிட்டவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். பிளக்கை யாரோ மாட்டிய பிறகும் அவன் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல்.

மேனேஜர் வந்தார். "அந்த வாயால பாடினது... பிளான் பண்ணதா?"

"ஆமா சார்," என்றான் ஏழுமலை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ஒரு மாசம் ரிகர்சல்."

"அடுத்த ஞாயித்துக்கிழமயும் அத வச்சிடுங்க."

இத்தனை வருஷம் நான் விட்டால் எல்லாம் விழுந்துவிடும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிடிக்க ஆள் நிற்பதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கட்டிலில் சாய்ந்தேன். மனைவிக்கே சந்தேகம்.

"இன்னா, கேஸ் பாக்கலியா?"

"நீதான் கீறியே!"

தடிக் கம்பியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் ஒட்டுகிற டேப் வாங்கியிருக்கிறேன் — மூன்று சுருள்.