சூசை ஒட்டாத சம்மன்

முப்பத்தொரு வருடமாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை சூசைக்கு. திண்டுக்கல்லைச் சுற்றி அவர் கால் படாத ஊரில்லை என்று கோர்ட்டில் பெருமையாகச் சொல்வார்கள். கால் பட்டது பாதி, பேனா பட்டது மீதி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். குஜிலியம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்" என்று எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். முழங்கால் வலி நிஜம்தான். ஆனால் வலி வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

போன வருடம் அப்படி எழுதியதில் ஒன்று சண்முகவள்ளியுடைய சம்மன். கொழுந்தன் போட்ட நில வழக்கு. சம்மன் கைக்கு வராததால் அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவள் இல்லாமலேயே தீர்ப்பாகி, நிலம் கையை விட்டுப் போனது. அவள் எழுதிப்போட்ட புகாரில் சூசைக்கு மெமோ வந்தது. ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது. வேலை போனால் பென்ஷனும் போகும். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுவார்.

"எந்தக் கதவு, எந்தப் பக்கம் பார்த்த வாசல்னு கேப்பாங்கண்ணே. ஒரு தடவ போயி வீட்டப் பாத்துட்டு வந்துருங்க," என்றார் கோர்ட் ஊழியர் சங்கத்து முகமது பாரூக். விசாரணையில் சூசைக்குத் துணையாக உட்காரப் போகிறவர் அவர்தான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று மைல் வெயிலில் நடந்து, சூசை அந்த வீட்டை முதல் தடவையாகப் பார்த்தார். வாசலில் கதவே இல்லை. பழைய சேலை தொங்கியது. திரும்பி ஓடப் பார்த்தார். அதற்குள் சண்முகவள்ளி வெளியே வந்துவிட்டாள்.

"தண்ணி கெடைக்குமா தாயி? இந்தப் பக்கமா வந்தேன்," என்று சமாளித்தார்.

சொம்பைக் கொடுத்தவள், அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். "கதவு கரையான் அரிச்சு விழுந்து ரெண்டு வருசமாச்சுண்ணே. இல்லாத கதவுல ஒட்டுனேன்னு கோர்ட்டு ஆளு ஒருத்தன் எழுதிப்புட்டான். நாளக்கழிச்சு விசாரணைக்குக் கூப்புட்டுருக்காக. அம்புட்டுப் பேரு முன்னால பேசணும்னா ஈரக்குலையே நடுங்குது. அந்த ஆளு என்னைய ஏதும் பண்ணிப்புடுவானோன்னு வேற பயமா இருக்கு."

சூசை சொம்பைப் பாதியிலேயே கீழே இறக்கினார். தன்னைக் கண்டு ஒருத்தி பயப்படுவாள் என்று அவர் நினைத்ததே இல்லை.

தண்ணீர் கேட்டு வந்தவர்தான் அந்தக் கோர்ட்டு ஆள் என்று விசாரணை அறையில் கண்டதும் அவள் வெலவெலத்துப் போனாள்.

"இவர் உங்க வீட்டுக்கு வந்தாரா? வந்தாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் விசாரித்த நீதிபதி.

அவள் சூசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "வந்தாருங்கய்யா."

"தெளிவா சொல்லுங்க."

"வந்தாருங்கய்யா. தண்ணி கூடக் குடுத்தேன்." வந்தது முந்தாநாள்தான் என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பாரூக் மேஜைக்கு அடியில் சூசையின் தொடையை அழுத்தினார். "பேசாம இருங்கண்ணே. பொழச்சீங்க."

சூசைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏழு மாதம், பென்ஷன், மனைவி செபாஸ்தியம்மாளின் சர்க்கரை மாத்திரை, எல்லாம் பத்திரம். சும்மா இருந்தால் போதும். எதிரே சண்முகவள்ளி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, அழுகிறது தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவரைக் கண்டுதான் பயந்திருந்தாள்.

சூசை எழுந்தார். பாரூக்கின் கையை விலக்கினார்.

"அய்யா, நான் அவுங்க வீட்டுக்குப் போனது முந்தாநாளுதான். சம்மன் எடுத்துக்கிட்டுப் போகவே இல்ல. டீக்கடையில உக்காந்து எழுதுனேன்."

டைப் சத்தம் நின்றது. பாரூக் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி சூசையை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.