பாவாவை உதைத்தது

எனக்கு ஓடத் தெரியும். எகிறிப் பந்தைத் தலையால் முட்டத் தெரியும். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்பதை அவன் இடுப்பைப் பார்த்தே சொல்லத் தெரியும். அக்கா புருஷனை உதைக்க மட்டும் தெரியாது. அதை எந்த வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் கோடையில் எங்கள் திருத்தணி புட்பால் டீமுக்கு ஒரு பயிற்சி முகாம் போட்டார்கள், அரக்கோணத்தில் நடக்கவிருந்த கோப்பை ஆட்டத்துக்காக. மிஷன் பள்ளிக்கூடம் லீவு. அதன் கூடத்தில் படுக்கை, பின்னால் இருந்த மைதானத்தில் காலையும் மாலையும் ஆட்டம். சொல்லிக்கொடுக்க வந்தவர் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த ஓர் அவில்தார். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, அவில்தார்தான். முகாம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களியும் கீரைக்குழம்பும், சாயங்காலம் மறுபடியும் களி. அரிசி கண்ணில் படாத காலம். பந்து ஒன்றே ஒன்று. அதுவும் தையல் விட்டு, போட்ட பக்கம் போகாமல் தனக்குப் பிடித்த பக்கம் போகும்.

நான் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். நெல் வராமல் மில் பாதி நாள் மூடிக்கிடந்ததால் என்னால் வர முடிந்தது. டீமில் நான் லெப்ட் பேக். என் அக்கா புருஷன், அதாவது பாவா, ரைட் அவுட். பொதட்டூர்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனால் ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் இருபது வயதுக்காரன்கூடப் பிடிக்க முடியாது. பந்தாட்டம் பார்த்தவர்களுக்குச் சங்கடம் இப்போதே புரிந்திருக்கும். டீம் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடும்போது, அந்தப் பக்கத்து ரைட் அவுட்டை மறிக்க வேண்டியவன் இந்தப் பக்கத்து லெப்ட் பேக். வேறு ஆள் கிடையாது.

எங்கள் வீட்டில் தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அதிலும் பாவா என்றால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் அவர் பந்தோடு வந்தார். நான் காலை நீட்டினேன். எல்லோரும் வெறுங்கால், என் பாதம் அவர் முழங்காலுக்குக் கீழே பட்டது. பந்து என்னிடம்தான் நின்றது. நான் என்ன செய்தேன்? குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்வதற்குள் பாவா அதே பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டார்.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடியும் அப்படியே நடந்தது. அவில்தாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“டேய் லெப்ட் பேக்! இது இன்னா கோயிலாடா? பந்தப் பாரு, உங்க பாவாவப் பாக்காத!”

அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கிருந்த பயம் அவருக்குத் தெரியாது. அக்கா அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். மார்கழியில் பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் மாதம் வந்து அழைத்துப்போக வேண்டிய பாவா, ஐந்தாம் மாதம் ஆகியும் வரவில்லை. கடையில் வேலை நெருக்குகிறது என்பார், அடுத்த வாரம் என்பார். தெருவில் பெண்கள் “மாப்ள இன்னும் வரலியா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டால் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கடைசியில் முகாமுக்கு வந்த அன்று, ஆட்டம் முடிந்ததும் அழைத்துப்போகிறேன் என்று நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், பாவா தன் வாயாலேயே சொல்லியிருந்தார். நான் துணி மூட்டையோடு கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

“அவுரு கூட மல்லுக்கு நிக்காதடா. என்னா சொன்னாலும் வாய மூடிகினு இரு. உங்க அக்கா நல்லபடியா அவ வூட்டுக்குப் போவட்டும்.”

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இன்னொரு தடவை குனிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போ என்று அவில்தார் சொல்லிவிட்டார். அதனால் குனியவில்லை. மறித்தேன், பாவா புழுதியில் விழுந்தார், நான் பந்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து ஓடிவந்து பின்னாலிருந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். நான் சும்மா நின்றேன். ஆனால் டீமில் இருந்த உள்ளூர் மிஷன் காம்பவுண்டுப் பையன்கள் எனக்காகப் பாய்ந்தார்கள், பாவா ஊர்ப் பேட்டைப் பையன்கள் அவருக்காகப் பாய்ந்தார்கள். ஒருவன் சட்டை கிழிந்தது, ஒருவன் காதைக் கடித்தான். அவில்தார் ஹிந்துஸ்தானியில் திட்டிக்கொண்டே பிரம்பால் எல்லோரையும் பொதுவாக அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் சண்டை. சாப்பாட்டுக்குத் தனித்தனிப் பந்தி. பந்தைக் கேட்டால் தரமாட்டான், தந்தால் முகத்தைப் பார்த்து அடிப்பான். எவனோ ராத்திரி பந்தின் காற்றைப் பிடுங்கிவிட்டதற்கு ஒரு சண்டை, உன் துண்டை என் கயிற்றில் ஏன் போட்டாய் என்று ஒரு சண்டை. விலக்கிவிடப் போய் அதிகம் அடி வாங்கியவன் நான்தான். மூட்டை தூக்கினால் உடம்புதான் நோகும். இதில் மனசும் சேர்ந்து நொந்துபோனது. மூட்டையே தேவலை என்று தோன்றியது.

பாவாவும் லேசில் விடுகிறவராக இல்லை. ஆட்டம் இல்லாத நேரத்திலும் என்னைத் தேடி வந்து வம்புக்கு இழுப்பார். “அட்ரா பாக்கலாம், ஆம்பளயா இருந்தா அடி” என்று மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் நகர்ந்துவிடுவேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொல்லிவிட்டார்:

“உங்க அக்காவ நீங்களே வெச்சிக்கோங்க. நான் வந்து கூப்டுகினு போவமாட்டேன்.”

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை நைனா பள்ளிக்கூடத்துக் கேட்டருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. யாரிடமும் எதற்கும் பணிந்து பழக்கமில்லாத மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டே, “கால்ல வுழுந்துடுடா” என்றார். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார்.

மத்தியானம் பந்தியில் பாவா உட்கார்ந்திருந்தபோது போய் விழுந்தேன். “தப்புதாங்க பாவா, மனசுல வெச்சிக்காதீங்க. அக்காவ வந்து கூப்டுகினு போங்க.” பேட்டைப் பையன்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. எழுந்திரு, எழுந்திரு என்றார் பாவா. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று அவில்தார் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்.

சாயங்காலம் கிணற்றடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பாவா வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

“நீ என்னாத்துக்குடா என் கால்ல வுழுந்த?” என்றார். குரலில் கோபம் இல்லை. “நல்லாத்தான போய்கினு இருந்துது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“கடை இல்லடா. பட்டாளத்துக்குக் காக்கி தெச்சிகினு இருந்த வரைக்கும் ஓடிச்சு. யுத்தம் முடிஞ்சுது, அதுவும் போச்சு. துணிய ரேஷன் கார்டுக்கு அளந்து குடுக்கறான், எவன் தெக்கக் குடுப்பான்? மிஷினு வாடகை மிஷினு. உடையவன் மாசி மாசமே வந்து தூக்கினு போய்ட்டான். கூப்டுகினு போய் அவளுக்கு இன்னா போடுவேன்? பால் குடுக்கறவ.”

“நைனாகிட்ட சொல்லுங்க பாவா. இங்கியே இருக்கட்டும்னு சொல்வாரு.”

“பொண்டாட்டிக்கு சோறு போட வக்கில்லன்னு என் வாயால சொல்லணுமா? நாளிக்கு உங்க தெருவே சொல்லும். சண்டைன்னா பரவால்ல. கோவக்காரன்னு சொல்லிட்டுப் போவட்டும்.” எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “அவகிட்ட சொல்லிடாத.”

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அறை வாங்கியது நான், காலில் விழுந்தது நான். இந்த மனுஷன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் கன்னத்தைக் கடன் வாங்கியிருக்கிறார். பிறகுதான் நினைவுக்கு வந்தது: முகாமில் எல்லோரும் களியைப் பார்த்து மூக்கைச் சுளித்தபோது, அவர் ஒருவர்தான் மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றார். ஆத்திரம் இறங்கிவிட்டது. அசதிதான் மிஞ்சியது. நான் காலில் விழுந்து அவருக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டிருந்தேன். இனி அவர் வந்தே ஆக வேண்டும், அக்கா போயே ஆக வேண்டும், போய்ப் பட்டினி கிடக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆட்டத்தில் அவர் பந்தோடு ஓரமாக வந்தார். என்னைப் பார்த்தார். நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அவர் கணுக்காலைப் பார்த்து ஓர் உதை விட்டேன். விழுந்தவர் எழுவதற்குள் சட்டையைப் பிடித்தேன், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் அடித்தார், இந்தத் தடவை நானும் அடித்தேன். எல்லாம் நடிப்பு என்று சொன்னால் பொய். அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த கோபம் கொஞ்சம் அதில் கலந்துதான் இருந்தது. அவர் உதட்டில் ரத்தத்தோடு, வரவே மாட்டேன், செத்தாலும் வரமாட்டேன் என்று கத்தினார்.

“வராதய்யா! எங்க அக்கா எங்களுக்கு பாரமில்ல!” என்று நானும் கத்தினேன்.

அவில்தார் என் மூட்டையைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே எறிந்தார். அரக்கோணத்துக்கு நான் போகவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டில் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நைனா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோனார். அக்கா மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அவுருக்கு பலமா பட்டுச்சா?”

“இல்ல.”

“நீ நல்லா இருப்பியாடா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்காவது சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் அவள் அன்றைக்கே குழந்தையோடு பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பிவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும். பேசாமல் இருந்தேன். மில் திறந்த நாளெல்லாம் மூட்டை தூக்கினேன், கூலிக்குப் பதில் நொய் கிடைத்தால் வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அதில் கஞ்சி வைத்து அக்காவுக்கு ஊற்றுவாள். எனக்கு ஊற்றும்போது மட்டும் தட்டு டணார் என்று தரையில் விழும். அக்கா குடித்தாள், குழந்தை தவழ்ந்தது, நின்றது. அந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேசியது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

தீபாவளிக்கு முன்னால் திருப்பதியில் ஒரு பெரிய தையல் கடையில் பாவாவுக்குக் கூலி வேலை கிடைத்தது. அந்த வாரமே மாட்டுவண்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா வடை சுட்டாள். கோவக்காரரானாலும் நல்ல மனுஷன், பாவம், தானாகவே இறங்கி வந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அக்கா நைனாவிடம் போய்ட்டு வரேன் என்றாள். அம்மாவிடம் சொல்லி அழுதாள். எதிர்வீட்டுக்காரியைக்கூட வெளியே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பாவா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, வண்டிக்காரனிடம் “ஓட்டுப்பா” என்றார்.